இரண்டு துடிப்புகளுக்கு நடுவே

என் மகள் திருவள்ளூர் மைதானத்தில் விழுந்தபோது என் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. மருத்துவமனையில் அவளுக்கு ஈ.சி.ஜி. எடுக்கும்போது ஒரு நர்ஸ்தான், "மேடம், கழுத்துல ஏதோ ஓடிக்கினே இருக்கு பாருங்க" என்றார். ஐம்பத்திரண்டு நிமிடம் காட்டியது. மூவாயிரம் மீட்டர் ஓட்டத்தின் ஆறாவது சுற்றில் அவள் முழங்கால் மடங்கியதற்கும் அந்த நர்ஸ் பேசியதற்கும் நடுவில் நடந்தது எதுவும் எனக்கு வரிசையாக நினைவில்லை. அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த மண் மட்டும் நினைவிருக்கிறது. அதைத் துடைத்தேனா என்பதுகூடத் தெரியவில்லை.

இதயத்தில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார். "ரொம்பக் களைச்சுப் போயிருக்கா. இது இன்னிக்கு ஒரு நாள் களைப்பு இல்ல, பல மாசத்துக் களைப்பு. ரெண்டு வாரம் ஓடவே வேணாம். அப்புறம் ஓடட்டும், ஆனா எவ்ளோ ஓடலாம்னு தெரிஞ்சு ஓடட்டும்." எவ்வளவு என்பதை யார் சொல்வார்கள் என்று கேட்டேன். அதற்கென்று சோதனைகள் இருக்கின்றன, முகத்தில் மூடி மாட்டி மூச்சை அளப்பார்கள், இல்லையென்றால் ஓட ஓட விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுப்பார்கள் என்றார். என் மகள் கட்டிலில் படுத்தபடியே விரல்களை மடக்கிக்கொண்டாள்.

அப்போது அவளுக்குப் பதினாறு வயது, பிளஸ் ஒன். இரண்டாயிரத்து ஏழு வாக்கில். விழுவதற்கு முந்தைய நாள் அதே மாவட்டப் போட்டியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் இரண்டாவதாக வந்து, அடுத்த கட்டமான டிவிஷன் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். அதற்கு எட்டு வாரம் இருந்தது. அதில் அவள் ஓடுவாளா மாட்டாளா என்பதுதான் எங்கள் வீட்டில் அந்த எட்டு வாரமும் இருந்த ஒரே கேள்வி. சமைக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் அது கூடவே நின்றது.

என் வேலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் செய்தது புரியாது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மோட்டார் ஷாஃப்ட் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் தரப் பரிசோதகர். இயற்பியல் படித்துவிட்டு அங்கே சேர்ந்தேன். மணிக்கு ஒருமுறை கிரைண்டிங் மெஷினிலிருந்து ஐந்து ஷாஃப்டுகளை எடுத்து, மைக்ரோமீட்டரில் விட்டம் பார்த்து, சராசரியைக் கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளியாக வைக்க வேண்டும். தாளின் நடுவில் ஒரு கோடு. மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒன்று. புள்ளிகள் நடுக்கோட்டை ஒட்டி நடந்தால் மெஷின் நன்றாக இருக்கிறது. சிதறினாலோ, அலைபோல ஏறி ஏறி இறங்கினாலோ எங்கோ கோளாறு. சிவப்புக் கோட்டைத் தொடும்வரை காத்திருக்க மாட்டேன், மெஷினை நிறுத்தச் சொல்லிவிடுவேன். பதினாறு வருடம் இதைச் செய்தவளின் கண் வேறெங்கு போனாலும் ஒரே அளவைத்தான் தேடும். என் கணவர் பக்கத்து உருக்காலையில் ஷிஃப்ட் வேலை. நான் இட்லி ஊற்றுவதைப் பார்த்து, "மைக்ரோமீட்டர் எட்தாந்து வெச்சிக்கமே, இந்த இட்லி கொஞ்சம் குண்டாக்கீது" என்பார்.

மகளின் பயிற்சியையும் நான் அப்படித்தான் நடத்தினேன். மாலையில் பள்ளியில் பி.டி. சார் பார்த்துக்கொள்வார். காலை என் பொறுப்பு. எங்கள் தொழிற்சாலைக்குப் பின்னால் நேராகப் போகும் ஒரு ரோடு இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் முனையிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை முப்பத்து நான்கு விளக்குக் கம்பங்கள். கம்பத்துக்குக் கம்பம் முப்பது மீட்டர் என்று எங்கள் எலக்ட்ரீஷியன் சொல்லியிருந்தார். முப்பத்து மூன்று இடைவெளி, அதாவது கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். அவள் முன்னால் ஓட, நான் மொபெட்டில் பின்னால் போவேன். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஐந்து நிமிடம். போக, வர, போக, வர, ஆறு முறை. ஆறும் ஐந்து நிமிடமாக இருக்க வேண்டும். நேற்றும் ஐந்து, இன்றும் ஐந்து. ஐந்து நிமிடம் எட்டு வினாடி ஆனால், "இன்னாடி இது?" என்பேன். இரண்டு வருடம் அப்படி ஓடினாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நான் ஒட்டிவைத்திருந்த தாளில் அவளுடைய புள்ளிகள் நடுக்கோட்டிலேயே நடந்தன. எனக்கு அதில் பெருமை இருந்தது. அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

அவள் விழுந்து மூன்று வாரம் கழித்து, பி.டி. சாருக்குத் தெரிந்த ஓர் ஆராய்ச்சி மாணவி பள்ளிக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். உடற்கல்வியில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். திருநின்றவூரிலிருந்து ரயில் மாறி வருவார். ரத்தம் எடுக்காமல், மூடி மாட்டாமல், நெஞ்சில் கட்டும் ஒரு பெல்ட்டையும் கையில் கட்டும் ஒரு கடிகாரத்தையும் வைத்து ஓட்டக்காரர்களின் எல்லையைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது அவருடைய ஆராய்ச்சி. முதல் நாள் ஆறு பிள்ளைகளைப் பத்து நிமிடம் படுக்க வைத்து, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் எத்தனை நேரம் என்று பதிவு செய்தார். மறுமுறை வந்தபோது ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். என் மகள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

தாள் முழுக்க எண்கள். வினாடியை ஆயிரமாகப் பிரித்துக் கணக்கிட்டவை. 941, 1003, 1062, 1018, 930, 884, 952, 1040. எண் என்று ஒன்று கிடைத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். மறுநாள் மதியம் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு, கட்டம் போட்ட தாளில் நூறு புள்ளிகளை வைத்தேன்.

புள்ளிகள் மூன்று நான்கு ஏறின, மூன்று நான்கு இறங்கின, மறுபடி ஏறின. ஒன்று மேலே, ஒன்று பாதாளத்தில். எந்த ஷாஃப்டாவது இப்படி வந்திருந்தால் நான் மெஷினை நிறுத்தி, பேரிங்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருப்பேன். டாக்டர் ஈ.சி.ஜி.யை அரை நிமிடம்தானே பார்த்தார், இது பத்து நிமிடம் ஆயிற்றே, அவர் கண்ணில் படாதது இதில் பட்டிருக்கிறது என்று முடிவு கட்டினேன். அன்று மாலையே பள்ளிக்குப் போய் பி.டி. சாரிடம் டிவிஷன் போட்டியிலிருந்து அவள் பெயரை அடித்துவிடச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்டார். "அவளுக்கு ஹார்ட்டு சரியா அடிக்கல சார்" என்று சொல்லிவிட்டு, அழுகை வருவதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டை அப்படியே வைத்தாள்.

"டாக்டர் ஓடலான்னாரு. நீ சார்ட்டு போட்டுட்டு வேணான்ற. நீ இன்னா டாக்டரா?"

"டாக்டர் இல்ல. ஆனா எது சரி, எது சரியில்லன்னு பாக்கறதுதாண்டி எனக்கு சம்பளம்."

"ஷாஃப்ட்டுக்கும்மா!"

அவள் அப்பா சிமெண்ட் தரையில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். "அந்த மேடத்த ஒரு வார்த்த கேட்டியா நீ?" என்றார். இல்லை என்றேன். "கேக்காமலே ரிஜெக்ட் முத்திர குத்திட்ட. பொண்ணாமே அது, பேரிங்கா?"

மகள், "நைனா, வேலைக்கி நேரமாச்சி, நீ போ" என்றாள். அவர் போய்விட்டார். அவளும் உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு நான்கு நாள் அவள் என்னிடம் பேசியது சாப்பாடு வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு வார்த்தைதான்.

ஐந்தாவது நாள் பெர்மிஷன் போட்டுவிட்டு, சார்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அன்று அந்த ஆராய்ச்சி மாணவி வந்திருந்தார். பிள்ளைகளை வைத்து விளையாடுகிறீர்களா என்று கேட்கும் எண்ணத்தில்தான் போனேன். அவர் சார்ட்டை மேசையில் விரித்து, ஓரங்களில் டஸ்டரையும் சாக்பீஸ் டப்பாவையும் வைத்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"யார் மேடம் போட்டது? இவ்ளோ நீட்டா இருக்கு."

"நான்தான். இதுல எங்க தப்புன்னு உங்களுக்கே தெரியுதில்ல?"

"தப்பு இல்ல மேடம். இந்தப் பள்ளிக்கூடத்துல எடுத்ததுலயே நல்ல ரெக்கார்டு இதுதான்."

நான் நம்பவில்லை. அவர் கோபப்படாமல் விளக்கினார். இதயத்தின் மேல் இரண்டு கட்டளைகள் ஓடுகின்றன. ஒன்று வேகமாக்குவது, இன்னொன்று அடக்கி வைப்பது. ஓய்வில் அடக்கும் கட்டளைதான் ஓங்கியிருக்கும். அது மூச்சோடு சேர்ந்து இறுகும், தளரும். மூச்சை இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கும், விடும்போது விலகும். நான் கண்ட அலை அவளுடைய மூச்சு. மூன்று நான்கு புள்ளி ஏறியது ஒரு மூச்சு வெளியே போனது. அந்த அலை பெரிதாக இருந்தால், அடக்கும் கட்டளை நல்ல பலத்தோடு இருக்கிறது என்று அர்த்தம்.

"அப்போ எல்லாம் ஒரே அளவா இருந்தா?"

"படுத்திருக்கும்போது ஒரே அளவா இருந்தா யோசிக்கணும். ஓடும்போது தானா ஒரே அளவாகும். அந்தக் கட்டள கொஞ்சம் கொஞ்சமா விலகிக்கும். எந்த வேகத்துல அந்த அல சுத்தமா அடங்கிடுதோ, அங்கதான் மொதல் எல்ல. அதுவரைக்கும் பேசிக்கினே ஓடலாம். அதுக்கு மேல ஓடினா ஒடம்பு கடன் வாங்க ஆரம்பிக்கும். இதத்தான் ரத்தத்துல பாப்பாங்க. நாங்க இடைவெளியில பாக்கறோம். இது ஒரு மதிப்பீடுதான் மேடம், ரத்தம் மாதிரி நேரடி இல்ல. ஆனா குத்தாம பாக்கலாம், எத்தன தடவ வேணும்னாலும் பாக்கலாம்."

என் முகத்தில் இன்னும் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். அவர் பெல்ட்டை எடுத்து, "நீங்க கட்டிக்கிறீங்களா?" என்றார். கதவைச் சாத்திவிட்டு, பெஞ்சில் பத்து நிமிடம் படுத்தேன். மேலே மின்விசிறி லடலடவென்று ஆடியது. எழுந்ததும் அவர் கடிகாரத்தில் எண்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். 688, 691, 690, 687, 692, 690. படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது எனக்கு. நடுக்கோட்டை விட்டு நகராத எண்கள்.

"உங்க ஃபேக்டரியில இது பாஸ் ஆயிடும் மேடம்" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் டாக்டர் இல்ல. ஆனா கேக்கறேன். தூங்கறீங்களா நீங்க?"

அவள் விழுந்ததிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. அதை யாரும் என்னிடம் கேட்கவுமில்லை. ஒரு அந்நியப் பெண் ஆறு எண்களைப் பார்த்துக் கேட்டுவிட்டார். எழுந்து போய் பி.டி. சாரிடம் நின்றேன். பெயரை மறுபடி எழுத முடியுமா என்று கேட்டேன். "அடிக்கவே இல்லீங்களே. நீங்க அழுதுக்கினு போனீங்க, அப்பறம் வருவீங்கன்னு விட்டு வெச்சேன்" என்றார்.

எல்லையைக் கண்டுபிடிக்க ஓட வைத்துத்தான் ஆக வேண்டும். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தைக் கூட்டி ஐந்து படிகள். பள்ளி மைதானத்தில் மழை நீர் நின்றதால் என் ரோட்டையே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை லாரி குறைவு. ஆராய்ச்சி மாணவி, நூறு மீட்டருக்கு ஒரு குறி வேண்டும், குறிப்பிட்ட நேரத்தில் விசில் ஊதினால் அவள் குறியில் இருக்க வேண்டும் என்றார். அளப்பது என் வேலை என்று எடுத்துக்கொண்டேன். அன்று எனக்கு உள்ளே தெளிவு வந்திருந்தது. இது எனக்குத் தெரிந்த காரியம்.

சனிக்கிழமை தொழிற்சாலையிலிருந்து முப்பது மீட்டர் ஸ்டீல் டேப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கணவரை மறுமுனையில் பிடிக்கச் சொல்லி, டிரான்ஸ்ஃபார்மர் முனையிலிருந்து தொடங்கினேன். முதல் கம்பத்திலிருந்து இரண்டாவதற்கு டேப் எட்டவில்லை.

"இன்னாமே, டேப்பு சுருங்கிப்போச்சா?" என்றார் அவர்.

முப்பத்து மூன்றரை மீட்டர். அடுத்தது இருபத்தொன்பது. அதற்கடுத்தது முப்பத்து நான்கு. குழி தோண்ட வசதியான இடத்தில் நட்டிருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியை அடைந்தபோது என் நோட்டில் ஆயிரத்து எழுபத்தெட்டு மீட்டர் இருந்தது. ஒரு கிலோமீட்டர் என்று நான் நம்பியிருந்த தூரம். ரோட்டோரத்தில் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன். கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் என்று நான் ஓட வைத்தது உண்மையில் நான்கு நிமிடம் முப்பத்தெட்டு வினாடி. இரண்டு வருடம், வாரத்துக்கு ஆறு நாள்.

தொழிற்சாலையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மைக்ரோமீட்டரையும் சரிபார்ப்புக்கு அனுப்புவேன். சரிபார்க்காத கருவியால் அளந்த ஒரு ஷாஃப்டைக்கூட வெளியே விட்டதில்லை. மகளை மட்டும் எலக்ட்ரீஷியன் வாய்வார்த்தையில் ஓட வைத்திருக்கிறேன். கணவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, குறி போடத் திறந்து வைத்திருந்த பெயிண்ட் டப்பாவோடு பக்கத்தில் வந்து நின்றார். கிண்டல் எதுவும் செய்யவில்லை. "எந்திரி. பெயிண்ட்டு காயறதுக்குள்ள குறி போட்டுடலாம்" என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நாங்கள் நால்வரும் ரோட்டில் இருந்தோம். நான் மொபெட்டில், வாயில் விசிலும் கையில் ஒட்டிய நேர அட்டையும். பின்னால் ஆராய்ச்சி மாணவி. கணவர் தொட்டி முனையில் சிவப்புத் துண்டோடு நின்று வண்டிகளை நிறுத்த வேண்டும். மகள் பனியனுக்குள் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, நெஞ்சில் படும் இடத்தைத் தண்ணீரால் நனைத்துக்கொண்டாள். ஈரமில்லாவிட்டால் துடிப்பு விட்டுப்போகும்.

முதல் படியில் அவள் சலித்துக்கொண்டே ஓடினாள். "ம்மா, இத்தவிட நடந்தே போவலாம்." இரண்டாவதிலும் பேசினாள். மூன்றாவதில் பேச்சு குறைந்தது. தொட்டி முனையில் ஒரு டேங்கர் லாரியைக் கணவர் நிறுத்தியிருந்தார். நாங்கள் திரும்பும்போது டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னா சார், மந்திரி வர்றாரா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"மந்திரி இல்ல நைனா. எம்பொண்ணு வருது."

"அப்டியா, வரட்டும் வரட்டும்" என்று என்ஜினை அணைத்துவிட்டான்.

நான்காவது படி முடியப்போகும்போது அவள் முதுகு நனைந்திருந்தது. மூச்சுச் சத்தம் மொபெட் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. ஐந்தாவது படியின் வேகம் திருவள்ளூரில் அவள் விழுந்தபோது ஓடிய வேகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதைத் தொடங்கி வைக்க வேண்டியது என் விசில். அட்டையில் வினாடி நெருங்கியது. அவளுடைய வலது முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் உலர்ந்துபோய், ஊதினால் காற்று மட்டும் வந்தது. குறி தாண்டிப் போனது. நான் நிறுத்தச் சொன்னால் பின்னாலிருந்த ஆராய்ச்சி மாணவி சோதனையை நிறுத்திவிடுவார் என்று தெரிந்தது.

மகள் ஓடிக்கொண்டே தலையைத் திருப்பினாள். "ஊதும்மா!"

உதட்டை நக்கிக்கொண்டு ஊதினேன். அவள் வேகமெடுத்தாள். அந்த நான்கு நிமிடமும் நூறு மீட்டருக்கு ஒருமுறை சரியான வினாடியில் ஊதினேன், ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசி விசிலுக்குப் பிறகு அவள் வேகத்தைக் குறைத்து, இடுப்பில் கை வைத்து நடந்தாள். நான் மொபெட்டை ஸ்டாண்டு போடாமலே இறங்கிவிட்டதால் அது சாய்ந்து, ஆராய்ச்சி மாணவி ஒற்றைக்காலில் நின்று தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"லேட்டா ஊதன நீ" என்றாள் மகள். "அதுல நூறு மீட்டரு ரெஸ்ட் எட்துகினேன்."

அடுத்த சனிக்கிழமை ஆராய்ச்சி மாணவி அச்செடுத்த தாள்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பெல்ட் நகர்ந்த இடங்களில் ஒரு துடிப்பு விட்டுப்போய், இரண்டு இடைவெளிகள் ஒன்றாகச் சேர்ந்து பெரிய எண்ணாக நிற்கும். ஒன்றிரண்டு அப்படி உள்ளே இருந்துவிட்டால் முடிவே மாறிவிடும். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கண்டுபிடிக்காது. அவரும் நானும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பென்சிலால் ஒவ்வொன்றாகக் குறித்து நீக்கினோம். "நீங்க எனக்கு கெய்டா இருந்திருக்கணும்" என்றார். அப்படி ஒரு வார்த்தையை என் மேலாளர் பதினாறு வருடத்தில் சொன்னதில்லை.

பிறகு படங்களை வரிசையாக வைத்தார். ஒரு இடைவெளியைக் கீழ்க்கோட்டிலும் அதற்கு அடுத்த இடைவெளியைப் பக்கக்கோட்டிலும் வைத்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி. படுத்திருந்தபோது அந்தப் புள்ளிகள் பலாக்கொட்டை போலப் பருத்திருந்தன. முதல் படியில் பூசணி விதை. இரண்டாவதில் அரிசி. மூன்றாவதன் நடுவில் ஊசி. அதன் பிறகு எத்தனை வேகம் கூட்டினாலும் ஊசி ஊசியாகவே இருந்தது, இனி மெலிய இடமில்லை. அந்த இடத்தில் அவர் சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். நிமிடத்துக்கு நூற்று ஐம்பத்திரண்டு துடிப்பு. கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் முப்பது வினாடி.

என் ஐந்து நிமிடத்துக்கே அது கீழே. நான் நிஜமாக ஓட வைத்த வேகத்துக்கு எத்தனையோ கீழே. லேசான ஓட்டம் என்று நான் நினைத்த ஒவ்வொரு காலையும் அவள் கடன் வாங்கி ஓடியிருக்கிறாள். வேகமாக ஓட வேண்டிய நாளில் அவளிடம் மிச்சமில்லை. டாக்டர் சொன்ன பல மாசத்துக் களைப்பு அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தது.

மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கம்பத்தையும், டேப்பையும், வகுத்த கணக்கையும். "நான்தாண்டி உன்ன..." என்று தொடங்கினேன்.

அவள் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்போ நான் அஞ்சு நிமிஷத்துக்கும் மேல ஃபாஸ்ட்டா ஓடிக்கினு இருந்தனா? ரெண்டு வருஷமா? நான் சொன்னேன் இல்ல, அந்த ரோடு நீளமாக்கீதுன்னு! நீ நம்புனியா?" உண்மையில் சொல்லியிருந்தாள். சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். "சரி வுடு. கம்பம் நட்டவன திட்டு" என்றாள். ஆனால் அன்று முழுக்க என் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.

அதன்பின் மீதமிருந்த வாரங்களில் நான்கு நாள் மெதுவாக, ஒரு நாள் வேகமாக. மெதுவான நாளில், ஆராய்ச்சி மாணவி இரவல் கொடுத்த கடிகாரத்தில் துடிப்பு நூற்று ஐம்பதைத் தாண்டக் கூடாது. அது எவ்வளவு மெதுவென்றால், காலை ஷிஃப்டுக்குச் சைக்கிளில் போகிறவர்கள் எல்லாம் அவளைத் தாண்டிப் போனார்கள். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வந்து நடந்து போகும் பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னா பாப்பா, பஞ்சரா?" என்றார் ஒருவர். அவள் வெட்கத்தில் வேகமெடுப்பாள், கடிகாரம் கீச்சென்று கத்தும், மறுபடி அடங்குவாள். நான் பின்னால் மொபெட்டில் கால் ஊன்றி ஊன்றிப் போவேன். எட்டு வினாடி கூடினாலும் வாய் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான பரிசோதனை அதுதான் என்று நினைக்கிறேன். இரண்டாவது வாரத்திலேயே படுத்திருக்கும்போது எடுத்த அவளுடைய படம் முன்பைவிட அகலமாக இருந்தது. வேகமான நாளில் அவள் ஓடியதை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. மொபெட்டின் ஆக்சிலரேட்டரைத் திருக வேண்டியிருந்தது.

டிவிஷன் போட்டியின் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் பதினொரு பெண்கள். அவள் முதல் இரண்டு சுற்றும் கூட்டத்தின் பின்னால், உட்பக்கக் கோட்டை ஒட்டி ஓடினாள். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது சுற்றில் ஒவ்வொருவராகத் தாண்டத் தொடங்கினாள். பக்கத்தில் நின்ற பி.டி. சார் கத்திக்கொண்டே இருந்தார், என்ன கத்தினார் என்று எனக்கு இப்போதும் தெரியாது. கடைசி நூறு மீட்டரில் மூன்றாவது பெண்ணுக்கும் இவளுக்கும் ஒரு கை நீளம்தான். அதை அவளால் பிடிக்க முடியவில்லை. நான்காவது. மாநிலப் போட்டிக்கு மூன்று பேரைத்தான் எடுப்பார்கள்.

கோட்டைத் தாண்டியதும் குனிந்து முழங்காலில் கை வைத்துக்கொண்டாள். முகம் தெரியவில்லை. தலைமுடி தொங்கியது. என் ஒரு கால் கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. திருவள்ளூரில் மண்ணைத் தொடுவதற்கு முன் அவள் இப்படித்தான் குனிந்தாள். ஆனாலும் அங்கேயே நின்றேன். ஊசி எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும். இந்த வாரங்களில் அவள் அதற்குக் கீழேதான் சேமித்திருக்கிறாள் என்று தெரியும். அவளுடைய முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். வேகமாக ஏறியது, பிறகு கொஞ்சம் மெதுவாக, பிறகு இன்னும் மெதுவாக.

அவள் தானாகவே நிமிர்ந்தாள். சுற்றிலும் பார்த்து, கம்பிமேல் ஒற்றைக்காலோடு நின்ற என்னைக் கண்டுபிடித்தாள்.

"ம்மா, எறங்கு! துணி கிழிஞ்சிடப் போவுது" என்று கத்திவிட்டு, மூன்றாவதாக வந்த பெண்ணுக்குக் கை கொடுக்கப் போனாள்.